ஏழாம் அத்தியாயம்: உறைபனியில் கேரவனைக் காக்கும் முறை

கரிவலம்வந்தநல்லூரில் பிறந்து வளர்ந்தவருக்கு உறைதல் என்றதும் நினைவுக்கு வருவது தேங்காய் எண்ணெய்தான். மார்கழி விடியலில், பால்வண்ணநாதர் கோயில் மணியோசை தெருவுக்குக் கேட்கும் வேளையில், குளித்துவிட்டு வந்து எண்ணெய்ப் புட்டியைக் கவிழ்த்தால் ஒரு சொட்டும் விழாது. வெண்மெழுகுபோல் இறுகிக் கிடக்கும் அதை அடுப்பங்கரைச் சூட்டிலோ முற்றத்து வெயிலிலோ சற்று நேரம் வைத்தால் தானாக இளகிவிடும். புட்டி வெடிப்பதுமில்லை, மூடி தெறிப்பதுமில்லை. ஆகவே உறைதல் என்பது சிறிது நேரத் தாமதம், அதனால் நஷ்டம் ஒன்றும் இல்லை என்ற எண்ணம் நம்மை அறியாமலே நம்முள் வேரூன்றிவிடுகிறது. அந்த எண்ணத்தோடு கேரவனை ஓட்டிக்கொண்டு மலையேறுகிறவர் ஒரே இரவில் பெரும்பொருளை இழக்க நேரும். ஏனெனில், எண்ணெய் உறையும்போது சுருங்குகிறது, தண்ணீரோ உறையும்போது விரிகிறது.

சினிமாப் படப்பிடிப்புக்கு வரும் பெரிய வண்டிகளை மட்டும் இங்கே கேரவன் என்று சொல்லவில்லை. டெம்போ டிராவலர் போன்ற வேனுக்குள் படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கீசர், கழிப்பறை முதலியவற்றை அமைத்துக் குடும்பத்தோடு பிரயாணம் செய்வோர் அனைவருக்கும் இந்த அத்தியாயம் பயன்படும்.

அறிந்திருக்க வேண்டிய மூன்று உண்மைகள்

1. தண்ணீர் உறையும்போது கன அளவில் ஏறத்தாழ 9 சதவிகிதம் விரிகிறது. பாதி நிரம்பிய தொட்டியில் அதற்கு இடம் உண்டு. குழாய், மோட்டாரின் தலை, டேப்பின் வயிறு, வடிகட்டிக் கிண்ணம், கீசர் ஆகிய மூடிய இடங்களில் இடம் இல்லை. எனவே முதலில் பிளப்பவை அவையே.

2. உயரம் ஆயிரம் மீட்டர் கூடக்கூட உஷ்ணம் சுமார் ஆறரை டிகிரி குறையும். ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகை, அடிவாரச் சமவெளியைவிட உத்தேசமாக 13, 14 டிகிரி குளிர்ந்திருப்பது இதனால்தான்.

3. மேகமும் காற்றும் இல்லாத இரவில், காற்றின் உஷ்ணம் இரண்டு மூன்று டிகிரியாக இருக்கும்போதே, திறந்த வெளியில் நிற்கும் வண்டியின் கூரையும் வெளிக்குழாயும் வானத்தை நோக்கிச் சூட்டை இழந்து பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். ஆகவே வெப்பமானி 4 டிகிரி காட்டும்போதே அபாயம் தொடங்கிவிட்டது என்று கொள்ளுங்கள்.

எந்த இடத்துக்கு எவ்வளவு ஆயத்தம்

*நீலகிரி, கொடைக்கானல், மூணாறு.* நவம்பர் முதல் பிப்ரவரி வரை, முதலில் நீர்ப்பனியும் பின்னர் உறைபனியும் விழும். உதகையில் காந்தல், தலைகுந்தா, அவலாஞ்சி போன்ற தாழ்ந்த வெளிகளில் புல்லும் வாகனக் கூரைகளும் விடியலில் வெளுத்துக் கிடக்கும். குளிர் பூஜ்யத்தை ஒட்டியும் சில நாட்களில் அதற்குச் சற்றுக் கீழேயும் செல்லும். வெயில் ஏறியதும் போய்விடும். கரிவலத்திலிருந்து இராஜபாளையம், தேனி, போடி வழியாக மூணாறு ஒரு பகல் தூரமே. வெயிலில் நிரப்பிய தண்ணீர் அன்றிரவே உறையக்கூடும் என்பதை மறவாதீர்கள். இங்கே இரவுநேரக் காப்பு போதும்.

*காஷ்மீர், இமாசலம்.* டிசம்பர் 21 தொடங்கி 40 நாள் நீடிக்கும் கடுங்குளிரைக் காஷ்மீரத்தார் ‘சில்லாய் கலான்’ என்பார்கள். அந்நாட்களில் ஸ்ரீநகரில் வீட்டுக் குழாய்களே உறைந்துபோவது வழக்கம். மணாலிக்கு வடக்கே, 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட 9.02 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கப்பாதையைக் கடந்து லாஹுல் பள்ளத்தாக்கில் புகுந்தால் பகலிலும் உறையும். இங்கே தண்ணீர் அமைப்பு முழுவதையும் வடித்துவிட்டுக் கேன் தண்ணீரில் வாழ்வதே உத்தமம்.

*லடாக்.* சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் உள்ள லே நகரில் ஜனவரி இரவுகளில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 15, 20 டிகிரி வரை இறங்கும். டீசலே இறுகிவிடக்கூடிய அவ்விடத்துக்கு முதல் குளிர்காலப் பிரயாணத்தை வைத்துக்கொள்ள வேண்டாம்.

ஊரிலிருந்து புறப்படுமுன்

பின்வரும் வேலைகளைப் புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்னதாக, இதே வரிசையில் முடித்துக்கொள்ளுங்கள்.

1. *ரேடியேட்டர்.* நம் பக்கத்தில் கூலண்ட் என்பது வெயிலுக்கான மருந்து என்ற நம்பிக்கை பரவியிருப்பதால், குறைந்த போதெல்லாம் பச்சைத் தண்ணீரை ஊற்றி ஊற்றி, கடைசியில் கூலண்டின் நிறம் மட்டுமே எஞ்சியிருக்கும் வண்டிகள் அநேகம். அந்தத் தண்ணீர் உறைந்தால் என்ஜின் பிளாக்கே வெடிப்புக் காணும். அதைவிடப் பெரிய செலவு கேரவனில் வேறில்லை. என்ஜின் நன்றாக ஆறிய பின் பழையதை முழுவதும் வடித்து, கூலண்டும் டிஸ்டில்ட் வாட்டரும் சமபங்கு கலந்து நிரப்பச் சொல்லுங்கள். எத்திலீன் கிளைக்கால் சேர்ந்த அந்தச் சமபங்குக் கலவை பூஜ்யத்துக்குக் கீழே ஏறத்தாழ 37 டிகிரி வரை உறையாது. தண்ணீரே சேர்க்காத கூலண்ட் இன்னும் பலமானது என்று எண்ணுவது பிழை. தனி கிளைக்கால் பூஜ்யத்துக்குக் கீழே 13 டிகிரி சுமாரிலேயே உறைந்துவிடும். வடித்த கூலண்ட் இனிப்புச் சுவையுள்ள விஷம். நாயோ ஆடோ நக்காதபடி உடனே மூடி அப்புறப்படுத்துங்கள்.

2. *பேட்டரி.* நிறைவாகச் சார்ஜ் ஏறிய ஈய பேட்டரி லடாக் குளிரையும் தாங்கும். காலியானதோ பூஜ்யத்துக்குக் கீழே ஏழெட்டு டிகிரியிலேயே உறைந்து ஓடு பிளந்துவிடும். ஓய்வு நிலையில் 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் இருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பாருங்கள். உள் விளக்குகளுக்கு லித்தியம் பேட்டரி வைத்திருப்பவர்கள், அது பூஜ்யத்துக்குக் கீழே குளிர்ந்திருக்கும்போது சார்ஜ் செய்யக்கூடாது என்பதை மனத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

3. *டீசல்.* கடுங்குளிரில் டீசலிலுள்ள மெழுகு திரண்டு வடிகட்டியை அடைத்துவிடும். லடாக்குக்கென்றே, பூஜ்யத்துக்குக் கீழே 33 டிகிரி வரை உறையாத குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் நிறுவனம் 2019 நவம்பரில் பானிபட் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து அனுப்பத் தொடங்கியது. ஆகவே சமவெளியில் தொட்டியை நிரப்பிக்கொண்டு ஏறாமல், குறைவாக வைத்துக்கொண்டு போய் மேலே கிடைப்பதை நிரப்புங்கள். டீசல் வடிகட்டியின் அடியில் தேங்கும் தண்ணீரைப் புறப்படுமுன் வடித்துவிடுங்கள். பழைய டிரைவர்கள் சொல்லும் மண்ணெண்ணெய்க் கலப்பை இக்கால என்ஜின்களில் செய்யவே கூடாது.

4. *யூரியா திரவம்.* பி.எஸ்.6 வண்டிகள் சிலவற்றில் டீசலோடு தனித்தொட்டியில் ஊற்றும் அந்தத் திரவம் பூஜ்யத்துக்குக் கீழே 11 டிகிரியில் உறையும். உறைந்தாலும் வண்டி கிளம்பும், ஓட ஓட இளகும். விரிவதற்கு இடம் வேண்டுமாதலால் அத்தொட்டியைக் கழுத்து வரை நிரப்பாதீர்கள்.

5. *குழாய்க்கு உறை.* ஏ.சி. மெக்கானிக்குகள் செம்புக் குழாய்க்குப் போர்த்தும் கறுப்பு நுரை ரப்பர் உறை எந்த ஊர்ப் பழுதுக் கடையிலும் கிடைக்கும். வண்டிக்கு அடியில் ஓடும் குழாய், வால்வு, எல்போ ஆகியவற்றுக்கெல்லாம் இடைவெளியின்றிப் போர்த்தி டேப் சுற்றுங்கள். ஒன்றை மட்டும் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள்: உறை சூட்டை உண்டாக்காது, போகும் சூட்டைத் தாமதப்படுத்தும், அவ்வளவே.

6. *வடிகால்.* தண்ணீர் அமைப்பின் மிகத் தாழ்ந்த இடத்தில் ஒரு வடிகால் வால்வு உண்டா என்று வண்டிக்கடியில் படுத்துப் பாருங்கள். இல்லாவிட்டால் பொருத்திக்கொள்ளாமல் புறப்படாதீர்கள். இந்த அத்தியாயத்தின் பாதி வேலை அந்த ஒரு வால்வைக் கொண்டே நடக்க வேண்டும்.

7. *உடன் எடுத்துச்செல்ல வேண்டியவை.* வெப்பமானி இரண்டு (ஒன்று உள்ளே, ஒன்று வெளியே), கார்பன் மோனாக்ஸைடு அலாரம், இரண்டு கேன் குடிநீர், வாளி, கல்லுப்பு இரண்டு கிலோ, டெஃப்லான் டேப், சில எல்போக்கள், ஒரு கஜம் ஓஸ், கிளிப்புகள், சக்கரத்துக்கு அண்டை கொடுக்கக் கட்டை இரண்டு.

*குறிப்பு:* நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வெளிமாவட்ட வாகனங்களுக்கு 2024 மே மாதம் முதல் இ-பாஸ் கட்டாயம். சிறிய பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டிகளுக்கு இரு இடங்களிலும் தடை இருப்பதால், எவர்சில்வர் பாத்திரத்தில் தண்ணீர் கொண்டுபோவது இருவகையிலும் நல்லது.

உறைபனியில் ஓர் இரவு

*மாலையில்*

1. வெளிச்சம் இருக்கும்போதே இடம் தேர்ந்தெடுங்கள். குளிர்ந்த காற்று தண்ணீரைப் போலவே தாழ்வை நோக்கி வடியுமாதலால், பள்ளத்தாக்கின் அடியிலும் ஏரிக்கரைப் புல்வெளியிலும் நிறுத்தாமல், சரிவின் நடுவில், கட்டடச் சுவரை ஒட்டியோ கூரைக்கு அடியிலோ நிறுத்துங்கள். காட்டோரம் வேண்டாம், இரவில் காட்டெருமையும் யானையும் நடமாடும் இடங்கள் அவை. விடுதி முற்றமே தக்க இடம்.

2. வண்டியின் முகப்பைக் கிழக்கே திருப்பி நிறுத்துங்கள். விடியலின் முதல் வெயில் கண்ணாடியிலும் என்ஜினிலும் விழும்.

3. கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். ஈரமான ஹேண்ட் பிரேக் இரவில் உறைந்து பிடித்துக்கொள்ளக்கூடும்.

4. வைப்பர்களைக் கண்ணாடியிலிருந்து தூக்கி நிறுத்துங்கள்.

*படுக்கப் போகுமுன்*

5. இரவுக்கும் காலைக்கும் வேண்டிய தண்ணீரைப் பாத்திரங்களில் பிடித்து உள்ளே வையுங்கள்.

6. மோட்டாரின் சுவிட்சை அணைத்து, எல்லா டேப்புகளையும் திறந்து, வடிகால் வால்வையும் திறந்துவிடுங்கள். நல்ல தண்ணீர்த் தொட்டி வண்டிக்கு உள்ளேயே இருந்தால் அதில் பாதித் தண்ணீர் இருக்கலாம். வெளியே தொங்குவதானால் முழுவதும் வடித்துவிடுங்கள். வடிவதை வாளியிலோ செடிகளுக்கோ விடுங்கள். விடிந்தால் வழுக்கும் கண்ணாடியாக மாறும் பாதையில் விடாதீர்கள்.

7. பாத்திரம் கழுவிய நீர் சேரும் தொட்டி பிளாஸ்டிக்காக இருந்தால், இருபது லிட்டருக்கு அரைக் கிலோ வீதம் கல்லுப்பைக் கரைத்து ஊற்றுங்கள். அது உறைநிலையை ஏறத்தாழ ஒன்றரை டிகிரி கீழே தள்ளும். நீலகிரிக் குளிருக்குப் பெரும்பாலும் அது போதும், காஷ்மீருக்குப் போதாது. இரும்புத் தொட்டிக்கு உப்பு ஆகாது.

8. குழாய்கள் ஓடும் அலமாரிகளின் கதவைத் திறந்து வையுங்கள். அறையின் சூடு குழாயையும் எட்டட்டும்.

9. மேற்கூரைத் துவாரத்தை இரண்டு விரல் அளவு திறந்துவிடுங்கள். இல்லாவிட்டால் நான்கு பேர் மூச்சிலிருந்து வரும் ஈரம் சுவரில் வியர்த்துப் படுக்கையை நனைக்கும்.

*காலையில்*

10. வெயில் வண்டியின் மேல் நன்றாக விழும் வரை தண்ணீர் அமைப்பைத் தொடாதீர்கள்.

11. கண்ணாடியில் படிந்த பனியைப் பிளாஸ்டிக் துண்டால் சுரண்டுங்கள். வெந்நீர் ஊற்றினால் கண்ணாடி விரிசல் விடும்.

12. டயர்க் காற்றை ஓடுமுன், குளிர்ந்த நிலையில் அளந்து பாருங்கள். சங்கரன்கோவில் வெயிலில் அடித்த அளவு அங்கே அப்படியே இருக்காது.

உறைந்துவிட்டால்

சில வருஷங்களுக்கு முன் தலைகுந்தாவை அடுத்த ஒரு விடுதி முற்றத்தில் நான் வண்டியை நிறுத்தியிருந்தபோது, மறுநாள் காலையில் டேப்பில் தண்ணீர் வரவில்லை. மோட்டார் உறுமியது, தண்ணீர் இல்லை. மோட்டார்தான் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டி, விரல் விறைக்க ஒரு மணி நேரம் ஒயர்களைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். அவ்வழியே வந்த காவல்காரர் குனிந்து பார்த்து, “என்ன சார், ராத்திரி தண்ணியை இறக்கி விடலையா?” என்றார். ஒன்பது மணிக்கு வெயில் வண்டியின் பக்கவாட்டில் ஏறியது. சிறிது நேரத்தில் படுக்கைக்கு அடியிலிருந்து தண்ணீர் ஓடிவந்து என் கால்விரலை நனைத்தது. மோட்டாரின் பிளாஸ்டிக் தலையில் மயிரிழை அளவுக்கு ஒரு கீறல். இரவு முழுவதும் பனிக்கட்டியே அதை அடைத்து வைத்திருந்தது.

பிளவு உறையும்போது உண்டாகிறது, இளகும்போதுதான் தெரிகிறது. எனவே வரிசை இதுதான்:

1. மோட்டாரையும் கீசரையும் உடனே அணையுங்கள். உறைந்த குழாயை எதிர்த்து ஓடும் மோட்டார் எரிந்துபோகும்.

2. உறைந்த வழியிலுள்ள டேப்பைத் திறந்து வையுங்கள். இளகிய நீருக்குப் போக்கிடம் வேண்டும்.

3. டேப் இருக்கும் பக்கத்திலிருந்து தொடங்கி உள்நோக்கிச் சூடேற்றுங்கள். தலைமுடி உலர்த்தும் கருவியோ, வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியோ போதும். தீப்பந்தம், மெழுகுவத்தி, அடுப்பு ஆகியவற்றை வண்டிக்கடியில் காட்டவே கூடாது; பக்கத்தில் டீசல் குழாயும் கேஸ் குழாயும் ஓடுகின்றன.

4. முற்றிலும் இளகிய பின் கால் நிமிஷம் மட்டும் மோட்டாரை ஓட்டி, ஒவ்வோர் இணைப்பிலும் உலர்ந்த காகிதத்தை ஒற்றிப் பாருங்கள். காகிதம் நனைந்தால் அங்கே கசிவு இருக்கிறது.

சூடும் உயிரும்

குழாய் போனால் வாங்கிக்கொள்ளலாம். ஆகவே இப்பகுதியை இருமுறை வாசிக்க வேண்டுகிறேன். கொடைக்கானலிலும் உதகையிலும், பூட்டிய அறைக்குள் கரி அடுப்பை வைத்துக்கொண்டு உறங்கி உயிரிழந்த பிரயாணிகளைப் பற்றிய செய்திகளைப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். கரி அரைகுறையாக எரியும்போது பிறக்கும் கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் மணமும் இல்லை. தலைவலியும் அயர்ச்சியுமாகத் தொடங்கி, தூங்குகிறவரை விழிக்காமலே கொண்டுபோய்விடும். கேரவனோ அறையைவிடச் சிறியது.

- கரி அடுப்பு, கணப்புச் சட்டி, காஷ்மீரத்துக் காங்கிரி, சமையல் கேஸ் அடுப்பு ஆகிய எதையும் குளிர்காயும் சாதனமாக வண்டிக்குள் பயன்படுத்தாதீர்கள்.
- என்ஜினை ஓடவிட்டுத் தூங்காதீர்கள். பனி மூடி சைலன்ஸரின் வாய் அடைபட்டால் புகை உள்ளே திரும்பும்.
- டீசல் ஹீட்டர் பொருத்துவதானால், அது எரியக் காற்றை வெளியிலிருந்தே இழுத்து, புகையையும் வெளியிலேயே விடுவதாக இருக்க வேண்டும். புகைக்குழாயின் இணைப்புகளை ஒவ்வொரு பிரயாணத்துக்கு முன்னும் சரிபாருங்கள். மிக உயரத்தில் காற்று அடர்த்தி குறைவதால் அது கரிபிடிக்கும். உயரத்துக்கேற்பத் திருத்தும் வசதியுள்ளதாக வாங்குங்கள்.
- அலாரத்தைத் தலைமாட்டுக்கு அருகில் பொருத்தி, வாரம் ஒருமுறை பொத்தானை அழுத்திச் சோதியுங்கள். அது ஒலித்தால் காரணம் தேடாமல், முதலில் எல்லோரையும் வெளியே இறக்குங்கள்.
- நம் சமையல் எரிவாயு, புரோப்பேனும் பியூட்டேனும் கலந்தது. பியூட்டேன் பூஜ்யத்தை ஒட்டிய குளிரிலேயே ஆவியாக மறுத்துவிடுமாதலால், சிலிண்டரில் எடை இருந்தும் அடுப்பில் சுடர் மங்கும். அப்போது சிலிண்டரின் மேல் வெந்நீர் ஊற்றுவதும் தீயருகே வைப்பதும் உயிரோடு விளையாடுவதாகும். எரிவாயு காற்றைவிடக் கனமானது. சிலிண்டர் அறையின் தரைமட்டத்தில் துவாரம் திறந்தே இருக்கட்டும்.

குளிர்காலம் முழுவதும் நிறுத்தி வைப்பதானால்

முதல் ஆலோசனை, முடிந்தால் வண்டியை மலைமேல் விடாமல் கீழே கொண்டுவந்துவிடுங்கள் என்பதே. இமாசலத்து இடையர்கள் குளிர்காலத்தில் மந்தையோடு அடிவாரத்துக்கு இறங்குகிறார்கள்; ஜம்மு காஷ்மீர் அரசாங்கமே 1872-ஆம் ஆண்டு முதல் குளிர்காலத்துக்குத் தன் அலுவலகங்களை ஸ்ரீநகரிலிருந்து ஜம்முவுக்கு இறக்கும் வழக்கத்தை நெடுங்காலம் கொண்டிருந்தது. நம் ஊரில் நிறுத்தினால் உறையும் பயம் அறவே இல்லை. எலியும் வெயிலும்தான் அங்கே பகை.

அதற்கு வழியில்லாதவர்களுக்கும், கனடாவில் குடியேறிக் கேரவன் வைத்திருக்கும் நம்மவர்களுக்கும் கீழ்க்கண்ட முறை. அங்கே அக்டோபர் இரண்டாம் திங்கட்கிழமை வரும் நன்றியறிதல் நாளோடு முகாம் இடங்கள் பலவும் மூடப்படுவதால், அந்த வாரமே இவ்வேலைக்கு ஏற்ற காலம்.

1. கீசரின் மின்சாரத்தையும் கேஸையும் அணைத்து, ஓரிரவு ஆறவிடுங்கள். சூடாக இருக்கும்போது வடிகால் திருகைக் கழற்றினால் கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

2. ஒரு வெந்நீர் டேப்பைத் திறந்து அழுத்தத்தைத் தணித்த பின், கீசரை வடித்துவிடுங்கள். சுவிட்சின் மேல் ‘தண்ணீர் இல்லை’ என்று எழுதி ஒட்டுங்கள். காலிக் கீசரைப் போட்டால் கம்பி எரிந்துவிடும்.

3. நல்ல தண்ணீர்த் தொட்டி, கழிவுநீர்த் தொட்டி, கழிப்பறைத் தொட்டி மூன்றையும் அவற்றுக்கென்று அமைந்த இடத்தில் காலிசெய்து கழுவுங்கள்.

4. ஆர்.ஓ. கருவியையும் வடிகட்டியின் உள்பாகத்தையும் கழற்றி வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள்.

5. எல்லா டேப்புகளையும் வால்வுகளையும் திறந்து, மோட்டாரை அரை நிமிஷம் ஓட்டி அதற்குள் நிற்பதையும் வெளியேற்றுங்கள்.

6. கம்ப்ரசரால் குழாய்களில் காற்றடித்து மிச்சத்தை ஊதித் தள்ளுங்கள். பஞ்சர் கடைக் கம்ப்ரசரின் முழு அழுத்தம் குழாயையே பிரித்துவிடும்; 30 பி.எஸ்.ஐ.க்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு டேப்பாகத் திறந்து, தூவானம்கூட வராத நிலை வரை ஊதுங்கள்.

7. குளிர் மிகக் கடுமையான இடமானால், கேரவன் குழாய்களுக்கென்றே விற்கும் இளஞ்சிவப்பு நிறத் திரவத்தைச் செலுத்துங்கள். அது புரோப்பிலீன் கிளைக்காலில் ஆனது. ரேடியேட்டரில் ஊற்றும் விஷக் கூலண்டை ஒருபோதும் குடிநீர்க் குழாயில் ஊற்றாதீர்கள். கீசரை வால்வு மூலம் விலக்கிவிட்டு, மோட்டாரின் உறிஞ்சுகுழாயை அத்திரவத்தில் அமிழ்த்தி, ஒவ்வொரு டேப்பிலும் வெந்நீர், தண்ணீர் இரு பக்கத்திலும் அந்நிறம் வரும்வரை ஓட்டுங்கள். நடுத்தர வண்டிக்கு எட்டுப் பத்து லிட்டர் ஆகும்.

8. பாத்திரத் தொட்டி, குளியலறை ஆகியவற்றின் அடியில் வளைந்த குழாயில் எப்போதும் தண்ணீர் தேங்கி நிற்கும். ஒவ்வொன்றிலும் ஒரு குவளை அதே திரவத்தை ஊற்றுங்கள். எல்லோரும் மறப்பது இதைத்தான்.

9. பேட்டரிகளைக் கழற்றி, சார்ஜ் ஏற்றி, உறையாத இடத்தில் வையுங்கள். மாதம் ஒருமுறை வோல்ட் பாருங்கள்.

10. ஃபிரிட்ஜைக் காலிசெய்து கதவைத் திறந்து வையுங்கள். சோடா, ஜூஸ், தண்ணீர்ப் புட்டி ஒன்றுகூட அலமாரியில் இருக்கலாகாது.

11. செய்தவற்றைத் தேதியோடு ஒரு தாளில் எழுதி ஸ்டியரிங்கில் கட்டுங்கள். ஐந்து மாதம் கழித்து வரும்போது எந்த வால்வு எந்த நிலையில் இருந்தது என்பது எவருக்கும் நினைவிராது.

*திறக்கும்போது:* வால்வுகளை மூடி, தொட்டியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, மோட்டாரை ஓட்டி ஓட்டி நிறுத்திக் கசிவு பாருங்கள். நிறமும் நுரையும் போகும்வரை கழுவிவிடுங்கள். கீசர் நிரம்பி டேப்பில் தண்ணீர் தடையின்றி வந்த பிறகே சுவிட்சைப் போடுங்கள்.

அநேகர் செய்யும் தவறுகள்

- *தொட்டியை மட்டும் வடித்துவிட்டுத் திருப்தியடைவது.* உடைவது தொட்டி அன்று, மோட்டாரும் டேப்பும்.
- *டேப்பைச் சொட்டவிட்டுத் தூங்குவது.* வீட்டில் இது உதவலாம். கேரவனில் நல்ல தண்ணீர் தீர்ந்து கழிவுத்தொட்டி நிரம்புவதோடு, மோட்டார் இரவெல்லாம் விட்டுவிட்டு ஓடி பேட்டரியும் காலியாகும்.
- *உள்ளே ஆட்கள் சூடாக இருந்தால் குழாயும் சூடாக இருக்கும் என்று எண்ணுவது.* குழாய் ஓடுவது தரைக்கு அடியில். வெப்பமானியை அங்கே வைத்துப் பாருங்கள்.
- *ஒருநாள் உறையவில்லை என்று மறுநாள் அலட்சியமாயிருப்பது.* நேற்று மேகம் போர்த்தியிருந்தது. இன்று வானம் தெளிந்திருக்கலாம்.

இவ்வளவையும் நினைவில் வைப்பது கடினம் என்று தோன்றினால், ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: இரவு முழுவதும் சூடாக வைத்திருக்க இயலாத தண்ணீரைப் படுக்கப் போகுமுன் வெளியேற்றிவிடுங்கள். வடிகால் வால்வைத் திறப்பதற்கு இரண்டு நிமிஷம் ஆகும். புறப்படும் முன்பு, நம் ஊர் வெயிலிலேயே, கண்ணை மூடிக்கொண்டு கையால் தடவி அந்த வால்வைக் கண்டுபிடிக்க முடிகிறதா என்று ஒருமுறை பழகிப் பாருங்கள். மலைமேல் அதைத் தேடும்போது இருட்டாக இருக்கும், விரல்கள் மரத்துப்போயிருக்கும்.